பறித்து வைப்பதா, வாங்கி வைப்பதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிகளில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் கைப்பேசியைக் கண்டதும் பறித்து, பெற்றோர் வந்து கேட்கும்வரை அலமாரியில் பூட்டிவைப்பது ஒரு வழி. காலையில் பெட்டியில் வாங்கி வைத்து, கடைசி மணி அடித்ததும் திருப்பித் தருவது மற்றொன்று. இரண்டிலும் வகுப்பு அமைதியாகும். ஆனால் முதலாவதில், தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டி வீடு திரும்பவேண்டிய மாணவி, மாலைப் பேருந்து வராத நாளில் தகவல் சொல்ல வழியின்றி நிற்பாள். கல்லூரி விடுதியொன்றின் கைப்பேசிக் கட்டுப்பாடு குறித்த வழக்கில், 2019இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பெறும் உரிமை கல்வியுரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. அது வகுப்பறை பற்றிய தீர்ப்பன்று. அதைக் காட்டிப் பாடத்தின் நடுவே திரையைத் தடவ முடியாது. எனினும், பறித்த கைப்பேசியைத் திறந்து படங்களைப் புரட்டிப் பார்க்க (அதுவும் நடப்பதுதான்) ஆசிரியருக்கு என்ன உரிமை? பெட்டி முறையே எனக்குச் சரியாகப் படுகிறது, சாவி ஒருவர் பொறுப்பில் இருக்குமானால்.