மேசைத் தொலைபேசிக்கு ஐபி முகவரி: தொலைபேசியில் பதிப்பதா, ரவுட்டரில் பதிப்பதா?

எங்கள் அலுவலகத்தில் பழைய அனலாக் இணைப்புகளை எடுத்துவிட்டு, கணினி வலையமைப்பின் வழியே பேசும் யீலிங்க் நிறுவனத்தின் டி வரிசை ஐபி தொலைபேசிகளை மேசைக்கு மேசை வைத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஒலித்தரத்தைப் பற்றியும் கருவியின் உழைப்பைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. வாங்கும்போது பலர் யோசிக்காத ஒன்றை, அதாவது வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை இவற்றுக்கு எந்த வழியில் கொடுப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் தொலைபேசி, முகவரியைத் தானாகப் பெறும் டிஹெச்சிபி முறையில் இருக்கும். கேபிளைச் செருகியதும் ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானே பெற்றுக்கொள்ளும். அழைப்பு இல்லாத நேரத்தில் ஓகே பொத்தானை அழுத்தினால் அந்த முகவரி திரையில் தெரியும். அதைக் கணினியின் உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். எங்களுக்கு நிறுவிக் கொடுத்த ஒப்பந்ததாரரோ, ஒவ்வொரு தொலைபேசியிலும் நிலையான முகவரியைக் கையால் பதித்துவிட்டுப் போனார்.

கையால் பதிப்பது பார்க்கும் அளவுக்கு எளிதன்று. மெனுவில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, நெட்வொர்க் பிரிவில் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (வலையமைப்பின் எல்லையைக் குறிப்பது), கேட்வே (வெளி வலையமைப்புக்கான வழி), டிஎன்எஸ் (பெயருக்குரிய எண் முகவரியைக் கண்டறிந்து தருவது) ஆகியவற்றை எண் விசைகளால் இட வேண்டும். புள்ளிக்குத் தனி விசை கிடையாது. நட்சத்திர விசைதான் புள்ளி. இதில் பெரும்பாலும் விடுபடுவது டிஎன்எஸ். அழைப்புகளை இணைக்கும் தொலைபேசிச் சர்வர் அதே வலையமைப்பில் இருந்து, அதன் முகவரியும் எண்ணாகவே கொடுக்கப்பட்டிருந்தால், டிஎன்எஸ் இல்லாமலும் எக்ஸ்டென்ஷன் அழைப்புகள் குறையின்றிப் போகும். ஆனால் நேரம் தரும் சர்வரின் பெயரைத் தொலைபேசியால் கண்டறிய முடியாது. மின்தடைக்குப் பிறகு திரையில் தேதியும் நேரமும் தாறுமாறாக நிற்கும். எங்கள் அலுவலகத்தில் கடிகாரம் பழுது என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை இப்படி டிஎன்எஸ் கட்டம் காலியாக இருந்த தொலைபேசிகளிலிருந்து வந்தவையே.

அடுத்த தொல்லை முகவரி மோதல். கையால் பதித்த முகவரிகள் ரவுட்டர் பகிர்ந்தளிக்கும் வரம்புக்குள்ளேயே இருந்ததால், யாரோ ஒருவரின் மடிக்கணினிக்கும் அதே எண் சில வேளைகளில் கிடைத்துவிடும். அன்று முழுவதும் அந்த மேசைத் தொலைபேசி சர்வரில் பதிவாவதும் அறுபடுவதுமாக இருக்கும். உச்சகட்டம் ரவுட்டரை மாற்றியபோது வந்தது. 192.168.1 என்று தொடங்கிய வலையமைப்பு 192.168.0 ஆனதும், எந்தத் தொலைபேசியின் அமைப்புப் பக்கமும் கணினியில் திறக்கவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய், மறுபடியும் அந்த நட்சத்திர விசையைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு எல்லாத் தொலைபேசிகளையும் டிஹெச்சிபி முறைக்கே திருப்பினோம். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய தனி அடையாளத்தைப் பார்த்து, இந்தத் தொலைபேசிக்கு இந்த எண் என்று ரவுட்டரில் ஒதுக்கி வைத்தோம். எண் மாறுவதில்லை, மாற்ற வேண்டியிருந்தால் ஒரே திரையில் மாற்றிவிட்டுத் தொலைபேசியை மறுதொடக்கம் செய்தால் போதும். டிஎன்எஸ்ஸும் கேட்வேயும் கூடவே வந்துவிடுகின்றன. அமைப்புக் கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதைச் சொல்லும் டிஹெச்சிபியின் 66ஆம் விருப்பமும் இந்த வழியில்தான் கிடைக்கும். கையால் முகவரி பதித்த கருவிக்கு அது வந்து சேராது.

நிலையான முகவரிக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். டிஹெச்சிபி தரும் ரவுட்டர் படுத்துவிட்டாலும், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் சர்வரும் ஓடிக்கொண்டிருக்கும் வரை அப்படிப்பட்ட தொலைபேசியில் உள் அழைப்பு கிடைக்கும். அதற்காக வரவேற்பறைத் தொலைபேசி ஒன்றை மட்டும், பகிர்வு வரம்புக்கு வெளியே உள்ள எண்ணில், டிஎன்எஸ் உட்பட எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, நிலையான முகவரியிலேயே விட்டு வைத்திருக்கிறோம்.