விசைப்படகா, வள்ளமா, பாசியா, உப்பா? பற்று நோட்டை வைத்து ஒரு கணக்கு

சித்தப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டான். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. கடைக்கு வந்து, "அண்ணே, விசைப்படகுல பங்கு போடவா, ஃபைபர் வள்ளம் வாங்கவா, இல்ல கடற்பாசி போடவா? வருஷத்துக்கு எதுல அதிகம் நிக்கும்?" என்று கேட்டான். பருப்புப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "வருஷத்தக் கேக்காதடா. எந்த மாசம் உலை ஏறாதுன்னு கேளு."

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்களுடையது சின்ன மளிகைக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பற்று நோட்டு தொங்கும். முப்பது வருஷமாக அம்மாதான் எழுதுகிறார். எந்த வீட்டுக்கு எந்த மாதம் பற்று ஏறுகிறது, எந்த மாதம் அடைகிறது என்பது அதில் அப்படியே இருக்கும். விசைப்படகுக்காரர் வீட்டுப் பக்கம் சித்திரையில் நிரம்பும். பாசிக்காரர் பக்கம் ஐப்பசியில் நிரம்பும். உப்பளத்துக்குப் போகிறவர்கள் பக்கம் கார்த்திகையில். ஆண்டு வருமானத்தைக் கூட்டிச் சொல்பவர் கண்ணில் இது படாது. தம்பிக்கு நான் சொன்ன கணக்கு முழுக்க அந்த நோட்டிலிருந்துதான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ராமநாதபுரம் மாவட்டத்துக்கு. ஆனால் எங்களுக்கு இது ஒரே கடல் அல்ல. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வைகாசிக்கு மேல் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எடுத்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை, அதாவது வடக்குக் காற்று, திரும்பினால் எல்லாம் தலைகீழ். மண்டபத்தில் ஒரு தெருவில் நின்றுகொண்டே இந்தப் பக்கம் அலையும் அந்தப் பக்கம் அமைதியும் பார்க்கலாம். ஆக, ஒரு தொழிலைப் பற்றிக் கேட்கும்போது, காற்று மாறினால் அதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விசைப்படகு பெரிய பணம், அதை மறுக்க முடியாது. இறால் நன்றாகப் பட்ட நாளில் துறைமுகத்தில் ஒரு படகு இறக்குவதை வள்ளக்காரர் ஒரு மாதத்தில் பார்ப்பதில்லை. ஆனால் நாள்கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான்: திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. வருஷத்துக்கு 156 நாள் என்று வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் நீட்டினார்கள். அதில் 26 கடல்நாள் போய்விடும். மிச்சம் 130. இதிலிருந்து பாம்பனில் புயல் கூண்டு ஏறும் நாள்களைக் கழிக்க வேண்டும். இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் நடக்கும் வேலைநிறுத்தம், கோயில் திருவிழா, சர்ச் கொடியேற்றம், எஞ்சின் கோளாறு எல்லாம் அப்புறம்.

தடைக்காலத்தில் அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய் சொச்சம். அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஆகும். இதில் வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது, வலை தைப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். வரவு நிற்கும் மாதத்தில் செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். படகு முதலாளி அதற்கு இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். ஜூன் 15-ஆம் தேதி எல்லாப் படகும் ஒரே மூச்சில் இறங்கும், இறாலும் நிறையப் படும், அன்றைக்கே விலை விழும். முன்பணம் வாங்கியவர் அந்த விலையை எதிர்த்து வாய் திறக்க முடியாது. ஆனி பிறந்தால் பழைய பற்று அடையும் என்று அம்மா காத்திருப்பார். பாதிதான் அடையும்.

அப்புறம் எல்லைக் கோடு. 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் போட்ட கோடு ராமேஸ்வரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வந்துவிடுகிறது. விசைப்படகின் மடி என்கிற இழுவை வலையை இழுக்கத் தோதான இடமெல்லாம் அந்தக் கோட்டுப் பக்கம்தான். இலங்கை 2017-இல் இழுவை மடியைத் தடை செய்தது. மறுவருஷம் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் கடுமையாக ஏற்றியது. முன்பெல்லாம் பிடிபட்டால் ஆளும் திரும்பி வருவார்கள், படகும் வரும். இப்போது ஆள் வந்தாலும் படகு பெரும்பாலும் வருவதில்லை. பங்கு போட்டவனுக்கு அது ஒரு மாத நஷ்டம் இல்லை, முதலே போய்விடும். சுருக்கமாகச் சொன்னால், விசைப்படகில் பணம் போடுவது படகு நஷ்டத்தைத் தாங்க வேறு சொத்து உள்ளவருக்குச் சரி. ஷார்ஜாவில் பத்து வருஷம் உழைத்துச் சேர்த்ததை முழுசாக அதில் வைப்பவனுக்குச் சரியில்லை.

நாட்டுப்படகுக்கு வருவோம். ஃபைபர் வள்ளம், வெளிப்பொருத்து எஞ்சின், நண்டு வலை, சாளை வலை, கணவாய்த் தூண்டில். ஒரு பாய்ச்சலில் பெரிய காசு வராது. ஆனால் தடைக்காலம் இதற்குக் கிடையாது. சித்திரை, வைகாசியில் விசைப்படகு கரையில் இருக்கும்போது மதுரைச் சந்தைக்குப் போகிற மீனில் பெரும்பங்கு வள்ளத்து மீன்தான், விலையும் அப்போதுதான் ஏறும். எங்கள் நோட்டில் வள்ளக்காரர் வீட்டுப் பற்று சித்திரையில் அடைவதைப் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் விசைப்படகில் போகிறவர் வீட்டுப் பற்று அப்போதுதான் ஏறும். கச்சான் எடுத்தால் வடகடல், வாடை எடுத்தால் தென்கடல் என்று வள்ளத்தை மாற்றிக்கொள்ளவும் முடியும். சின்னதாக இருப்பதன் லாபம் அது.

குறை இல்லாமல் இல்லை. ஆவணி, புரட்டாசியில் சில வருஷம் மன்னார் வளைகுடாவில் பூங்கோரை வரும். கடல் பச்சையாகி, மீன் மூச்சு முட்டிச் செத்து ஒதுங்கும். 2019 செப்டம்பரில் இப்படி வந்தபோது இரண்டு வாரம் மீன் வாங்கவே ஆள் தயங்கினார்கள். வள்ளக்காரரை நம்பி வியாபாரி எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பார். பிறகு நண்டை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். நீலக்கால் நண்டுச் சதை அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அங்கே யாரோ போட்ட கையெழுத்து இங்கே எடைத் தராசில் தெரிந்தது. தம்பிக்கு ஒரு எச்சரிக்கையும் சொன்னேன்: கடலட்டை பிடித்தால் கைமேல் காசு என்று யாராவது காதில் ஓதினால் எழுந்து வந்துவிடு. 2001 முதல் அது தடை செய்யப்பட்ட உயிரினம், மாட்டினால் ஜெயில்.

பாசிதான் நிறைய யோசிக்க வேண்டிய ஒன்று. இங்கே கிழவிகள் இன்னும் அதை 'பெப்சி பாசி' என்றுதான் சொல்வார்கள். 2000-த்தின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனிதான் கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியை ஒப்பந்த முறையில் இங்கே பரப்பியது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. ஒரு மிதவையில் 20 கயிறு, ஒரு கயிற்றில் 20 இடத்தில் நூற்றைம்பது கிராம் விதைப்பாசி. மொத்தம் 60 கிலோ. ஓரா மீன் கடிக்காமல் அடியில் வலை கட்ட வேண்டும். 45 நாளில் இருநூற்றைம்பது கிலோ வரை வளரும். விதைக்கு 60 கிலோவை எடுத்துவிட்டு மிச்சத்தைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு நிற்கும், அதாவது ஏறக்குறைய 20 கிலோ.

இதில் எனக்குப் பிடித்தது வளர்ச்சி இல்லை, 45 என்ற எண். ஒரு குடும்பத்துக்கு 45 மிதவை. நாளுக்கு ஒன்றை அறுத்து, அன்றே அதில் மறுபடி கட்டிவிட வேண்டும். ஒரு சுற்று முடியும்போது முதல் மிதவை தயாராக இருக்கும். மாதச் சம்பளம் மாதிரி வரவு வருகிற தொழில் இந்தக் கடற்கரையில் இது ஒன்றுதான். எங்கள் பக்கத்து வீட்டு மதினி காலையில் ஆறு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் பத்துக்கு வீட்டில் இருப்பார். மதியம் பனைமர நிழலில் நாலு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கயிற்றில் பாசி கட்டுவார்கள். விரல் நுனியெல்லாம் உப்பில் வெடித்திருக்கும், பேச்சு மட்டும் நிற்காது. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை அவர் எங்கள் கடையில் ரொக்கம்தான்.

ஐப்பசியில் வாடை வந்ததும் வடகரையில் மிதவையைக் கரையேற்றிவிடுவார்கள். சிலர் தென்கரைக்கு மாற்றுவார்கள், எல்லாராலும் முடியாது. அந்த மூன்று மாதம் நோட்டில் மதினி பக்கம் நிரம்பும். அது தெரிந்த நஷ்டம், தாங்கலாம். தெரியாத நஷ்டம் 2013-இல் வந்தது. கடல் சூடேறி, பாசி வெளுத்து, கயிற்றோடு அழுகிக் கொட்டியது. அதற்கு முந்தைய வருஷம் ஆயிரம் டன்னுக்கு மேல் காய்ந்த பாசி போன கரை இது. விதைகூட மிஞ்சாமல் பலர் மூங்கிலை விறகுக்கு விற்றார்கள். வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல விதை இங்கேயே கிடைத்து, வாங்குகிறவர்களும் கூடினால் இந்தத் தொழில் நிமிரும். அதுவரை கம்பெனி சொல்லும் விலைதான்.

தீவுகளில் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்கள் கதை வேறு. மாதத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பன்னிரண்டு நாள்தான் என்று அவர்களே வரம்பு போட்டுக்கொண்டார்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எங்கே இறங்கலாம், இறங்கக் கூடாது என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை. அது முதல் போட்டுச் செய்யும் தொழில் இல்லை, உடம்பைப் போட்டுச் செய்யும் தொழில். அதனால் தம்பியின் ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

உப்பு பற்றி அவனே கேட்டான். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் பெரிய அளம் இருக்கிறது, தனியார் அளங்களும் உண்டு. தை கடைசியில் பாத்தி கட்டினால் புரட்டாசி வரை வாரலாம். சித்திரை, வைகாசி வெயிலில்தான் உச்சம். விசைப்படகு சும்மா நிற்கும் மாதத்தில் உப்பளத்தில் வேலை நிறையும் என்பதால் சாயல்குடிப் பக்கம் சில வீடுகளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். ஆனால் கோடையில் ஒரு ராத்திரி மழை பெய்தால் பத்து நாள் உழைப்பு தண்ணீரோடு கரைந்துவிடும். மழைக்காலத்தில் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் 2022-இல் வந்தது. கூலிக்குப் போகிறவருக்கு அது உதவி. குத்தகைக்கு எடுப்பவருக்கு உப்பைத் தேக்கி வைக்க இடமும், விலை ஏறும்வரை காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். தம்பியிடம் பொறுமை கிடையாது, சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் மாசி, பங்குனியில் காசு தரும், மழை பொய்த்தால் தராது. கரிமூட்டம் போடக் கருவேலங்காடு வேண்டும், கண்ணில் புகையும் வேண்டும். வழுதூரில் எரிவாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பூமிக்கு அடியில் இருப்பதில் எங்கள் தெருவின் மாதக் கணக்குக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. கீழக்கரையில் சபுராளி வீடுகள், அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் வீடுகள், மட்டும்தான் காற்றைப் பார்க்காமல் மாதம் பிறந்ததும் பணம் பார்க்கின்றன. அதைத்தான் தம்பி வேண்டாம் என்று விட்டு வந்திருக்கிறான்.

கடைசியில் நான் சொன்னது இது. பழைய வள்ளம் ஒன்று, எஞ்சின் மட்டும் புதிது. கூடவே அவன் மனைவி பெயரில் இருபது மிதவை. 45 வேண்டாம், முதல் வருஷம் கை பழகட்டும். வாடையில் பாசி நிற்கும்போது வள்ளம் தென்கடலில் ஓடும். பூங்கோரையில் வள்ளம் நின்றால் வடகரையில் பாசி இருக்கும். புயலும் மழையுமாக இரண்டும் சேர்ந்து படுக்கிற காலம் ஐப்பசி பாதியிலிருந்து கார்த்திகை வரை. அதற்கு மட்டும் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிடு, எந்த வியாபாரியிடமும் முன்பணத்துக்குக் கை நீட்டாதே என்றேன். "விசைப்படகுன்னா ஊர்ல ஒரு மதிப்புண்ணே" என்று இழுத்தான். அம்மா சிரித்துவிட்டார்.

வள்ளம் வாங்கியாகிவிட்டது. மூங்கில் வந்து வாசலில் கிடக்கிறது. அம்மா நோட்டில் புதுப் பக்கம் ஒன்று எடுத்து அவன் பெயரை மேலே எழுதி வைத்திருக்கிறார். கீழே இன்னும் ஒன்றும் ஏறவில்லை. ஐப்பசிக்கு மூன்று மாதம் இருக்கிறது.