ஒரு வரி ரிப்போர்ட்டுக்கு ஒரு கர்ப்பப்பையா? கும்பகோணம் பயணக் குறிப்பு

லண்டனிலிருந்து லீவில் ஊருக்கு வந்து கிளினிக் போனால் டோக்கன், செருப்பு ஸ்டாண்டு, பத்து மணி டாக்டர் பன்னிரண்டுக்கு வருவது எல்லாம் பழையபடிதான். விஷயம் லேப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில் செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டின் கடைசி வரி: 'ஆஸ்கஸ்'. அதைப் பார்த்ததும் கிளினிக்கில் சொன்னது: "பிள்ளைங்க பெரிசாயிட்டாங்கல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா."

ஆஸ்கஸ் புற்றுநோய் அல்ல. செல்கள் லேசாக மாறியிருக்கின்றன, காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான எச்பிவி வைரஸாக இருக்கலாம், வேறு தொற்றாக இருக்கலாம், மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சியாகவும் இருக்கலாம். சமயத்தில் ஸ்லைடு எடுத்த லட்சணமே காரணம்.

சாம்பிளைக் கண்ணாடியில் தடவிய நொடியே 95 சதவீத ஆல்கஹாலில் முக்கவேண்டும். இங்கே ஸ்லைடு டிரேயில் கிடக்கிறது, தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் ஓடுகிறது, நர்ஸம்மா பெயர் எழுதப் பென்சில் தேடுகிறார். காற்றில் காய்ந்த செல்லின் உட்கரு உப்பிப்போகும். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்குக் கோளாறு மாதிரியே தெரியும். பெயரை முதலிலேயே எழுதி வைக்க என்ன கேடு?

லண்டனில் பிரஷ்ஷை நேராக மருந்துக் குப்பியில் அலசிவிடுவார்கள். முதலில் எச்பிவி, இருந்தால் மட்டும் அதே குப்பியிலிருந்து செல்லைப் பார்ப்பார்கள். காய்ந்த கண்ணாடியில் எச்பிவி பார்க்க வழியில்லை, புது சாம்பிள்தான். அதனால் ஊரில் எடுக்கும் முன்பே "குப்பியில் அலசும் லிக்விட் முறையா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆஸ்கஸ் வந்தால் அடுத்தது எச்பிவி டெஸ்ட். அமெரிக்க வழிகாட்டுதல்படி, வைரஸ் இல்லையென்றால் 3 வருடம் கழித்துப் பார்த்தால் போதும், இருந்தால் பெரும்பாலும் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸில் பெரிதாக்கிப் பார்ப்பது. எச்பிவி வசதியே இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் மறு ஸ்மியர். லீவு முடிவதற்குள் இன்னொன்று எடுத்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். 3 மாதத்துக்குள் எடுத்தால் பொய்யாக நார்மல் வரலாம்.

கால்போஸ்கோப்பிக்குத் தஞ்சாவூரில் மறுநாளே இடம் கிடைத்தது. லண்டனில் வாரக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அசிட்டிக் ஆசிட் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த இடத்தில் பயாப்சி. பயாப்சியில் சின் 1 (லேசான செல் மாற்றம்) வந்தால் பெரும்பாலும் தானே மறையும், கண்காணித்தால் போதும். அதைவிடத் தீவிரமான சின் 2, 3க்குத்தான் பெரும்பாலும் லீப். சூடான கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுப்பார்கள். கர்ப்பப்பை அதன் பாட்டுக்கு இருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேல் வியா டெஸ்ட் (அசிட்டிக் ஆசிட் தடவி வெறுங்கண்ணால் பார்ப்பது) இலவசம். 2007இல் தேனியோடு தஞ்சை மாவட்டத்தில்தான் வெள்ளோட்டம் விட்டார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வியா நார்மல் என்பதால் ஆஸ்கஸ் ரத்தாகிவிடாது.

கிளம்பும் முன் லேப்பில் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் கேளுங்கள். லண்டனில் இன்னொருவர் பார்க்க உதவும். வடாம், அப்பளப் பெட்டியில் வேண்டாம், கைப்பையில் வையுங்கள்.