9 வருடமாக ஒரே ஒயின் கடை: என் அனுபவம்

நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று போர்டு இருந்தால் உள்ளே ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். புதுச்சேரியில் அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பிரான்சின் லியோன் நகரில் குடியேறிய புதிதில், தெருமுனை ஒயின் கடைக்குள் நுழையவே கூச்சம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவரே கிடையாது என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது. 2016 இலையுதிர் காலம் அது. இன்றும் அதே கடைதான்.

இங்கே இப்படிக் கடை வைத்திருப்பவரைக் 'காவிஸ்த்' என்பார்கள். முதல் நாள், "நல்ல சிவப்பு ஒயின், 15 யூரோவுக்குள்" என்று கேட்டேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. "ராத்திரிக்கு என்ன சமையல்?" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் அங்கே ஒரு பாட்டில் வாங்க முடியாது, இன்றுவரை.

காரணம், அவர் நாள் தொடங்குவது கடையில் இல்லை, சோன் நதிக்கரையில் சேந்த் ஆந்த்வான் சந்தையில். காலையில் அங்கே என்ன வந்திருக்கிறதோ, அதற்கு ஏற்ற பாட்டில்கள்தான் அன்று கடை வாசல் மேசையில் நிற்கும். ஏப்ரலில் வெள்ளை அஸ்பாராகஸ் வந்தால் அல்சாஸ் பகுதியின் இனிப்பில்லாத முஸ்கா என்ற வெள்ளை ஒயின். அஸ்பாராகஸ் பல ஒயின்களை வாயில் இரும்புச் சுவையாக்கிவிடும். இது ஒன்று தப்பிக்கும். செப்டம்பர் 10-ஆம் தேதி மோன் தோர் பாலாடைக்கட்டி விற்பனைக்கு வரும், மே 10 வரை கிடைக்கும். மரப்பட்டைப் பெட்டியோடே அடுப்பில் வைத்து உருக்கி, உருளைக்கிழங்கோடு சாப்பிடுவது. அதற்கு பிரான்சின் கிழக்கு மலைப்பகுதியான ஜூராவின் வெள்ளை ஒயின். பாட்டிலைச் சுற்றித் தரும் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதுவார்: 'பனி விழுந்த பிறகு', 'அவசரம் வேண்டாம், 2 வருடம்'. எங்கள் வீட்டுச் சமையலறை இழுப்பறையில் அந்தத் தாள்கள் ஒரு கட்டாகக் கிடக்கின்றன.

இனி 'வேன் ஜோன்' கதை. ஜூராவின் மஞ்சள் ஒயின். சாவாஞேன் திராட்சையிலிருந்து எடுத்து, பீப்பாயில் ஊற்றி, குறைய குறைய நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மேலே ஈஸ்ட் ஆடை போலப் படரும். காய்ச்சிய பாலில் ஏடு படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 6 வருடம் 3 மாதம் கழித்துத்தான் வெளியே வரும், 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டைக் கழுத்துப் பாட்டிலில். ஒரு லிட்டரில் ஆவியானது போக மிஞ்சுவது அவ்வளவுதான் என்பது வழக்குக் கதை.

ஒரு பிப்ரவரி மாலை ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். "வால்நட், உலர்ந்த ஆப்பிள், கறி மசாலாப்பொடி" என்று வழக்கமான பட்டியலைச் சொன்னார். நான் முகர்ந்தேன். எனக்கு வால்நட் எல்லாம் வரவில்லை. அம்மா வாணலியில் வெந்தயம் வறுக்கும் வாசனை, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால். மறுநாள் ஒரு கைப்பிடி வெந்தயத்தை வறுத்துத் தாளில் மடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் பொட்டலம் என்று மாறி மாறி முகர்ந்தார். பிறகு கடைக்கு வந்த ஒவ்வொருவர் மூக்குக்கும் அதை நீட்ட ஆரம்பித்தார். அப்புறம் படித்துப் பார்த்தால் இது மனப்பிரமை இல்லை: வெந்தயத்துக்கு வாசனை தரும் சோட்டோலோன் என்ற அதே பொருள்தான் வேன் ஜோனிலும் இருக்கிறது. புதுச்சேரி வடகம் பிரெஞ்சுச் சமையலறைகளில் 'வதுவான்' என்ற பெயரில் புழங்குவது தெரியும்தானே? அதிலும் வெந்தயம் உண்டு. காரம் குறைத்து, வடகம் தாளித்து வைத்த மீன் குழம்போடு அந்த ஒயினைக் குடித்துப் பார்த்தேன். அந்த வருடத்தில் சாப்பிட்டதிலேயே அதுதான் நல்ல சாப்பாடு.

எல்லாம் இப்படியே நடந்தது என்றால் பொய். முதல் தீபாவளிக்கு மட்டன் குழம்பு என்று சொன்னேன். ஆட்டுக்கறி என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ரோன் பள்ளத்தாக்கின் கோர்னாஸ் கொடுத்தார். இளம் சிரா திராட்சை, முரட்டுத் துவர்ப்பு, ஆல்கஹாலும் அதிகம். மிளகாயோடு சேர்ந்து வாய் எரிந்துபோனது. 35 யூரோ தண்டம். போய்ச் சொன்னதும் அவர் கேட்டது: "எத்தனை மிளகாய்?" அன்றிலிருந்து என்னிடம் அது நிரந்தரக் கேள்வி. இப்போது காரமான கறிக்கு போஜோலே பகுதியின் ஃப்ளூரி, அதுவும் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து. துவர்ப்பு குறைவு, எரிச்சல் இல்லை, விலையும் பாதி.

அந்த ஒயினின் காமே திராட்சையை 1395-இல் பர்கண்டி பிரபு தன் மண்ணைவிட்டே விரட்ட ஆணையிட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்கு நேற்று நடந்தது போலக் கோபம் வரும். அந்த வருட அறுவடையிலிருந்தே செய்து நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் புது போஜோலேயை விற்பார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இது விளம்பரம், மோர்கோன்தான் ஒயின்" என்று அதே போஜோலேயின் இன்னொரு ஊர் ஒயினைச் சொல்வது அவர் கட்சி. எனக்கு அந்தப் புது ஒயின் பிடிக்கும். சொன்னதில்லை.

குறைகள்? இருக்கின்றன. போர்டோ ஒயின் பெயருக்கு நாலு பாட்டில். சனிக்கிழமை மாலை போனால் முன்னால் நிற்பவருக்கு எரிமலைப் பாறையும் கருங்கல் மண்ணும் பற்றிப் பாடம் முடியும்வரை நிற்க வேண்டும். 15 யூரோ என்று சொன்னால் கை எப்படியோ 19 யூரோ பாட்டிலுக்குப் போய்விடும். கார்க் கெட்டு ஈர அட்டைப்பெட்டி வாசம் அடித்த பாட்டில்கள் இதுவரை 3. மூன்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்தார், அது சரி. ஆனால் கோந்திரியூ என்ற ரோன் வெள்ளை ஒயின் 2 பாட்டில்கள் வீணானதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அடுப்புக்கு மேல் அலமாரியில் ஒரு கோடை முழுக்க வைத்தவன் நான்.

2021 ஏப்ரல் உறைபனி ஜூராவின் தளிர்களைக் கருக்கிவிட்டது. அந்த அறுவடையின் வேன் ஜோன் கடைக்கு வர 2028 ஆகும். வருவது கொஞ்சம்தான், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் தர மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். என் பெயரை எழுதி வைத்திருக்கிறார், பென்சிலால்தான். பெயருக்குப் பக்கத்தில் 'வெந்தயம் கொண்டுவரவும்' என்று இருக்கிறது.