சிறகு வேண்டாம், தொப்பை வேண்டும்: 75 மி.மீ. சோபியெஸ்கி உருவப்பெட்டி

நுவரெலியாவில் ஒரு பொம்மைக் கடையின் மேல்தட்டில் ‘வியன்னா 1683’ என்று எழுதிய பெட்டி இருக்கிறது. விலை 9,500 ரூபாய். உள்ளே போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கியும் அவர் குதிரையும், நாமே ஒட்டி வர்ணம் தீட்டவேண்டிய 24 ரெசின் துண்டுகளாக. வார்ப்பு அருமை. செதில் கவசத்தை நகத்தால் வருடினால் ஒவ்வொரு செதிலும் தட்டுப்படும். குதிரையின் இரு பாதிகளும் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன.

குறை ஆளில்தான். சோபியெஸ்கி பிறந்தது 1629இல். 1683இல் ஒஸ்மானியத் துருக்கியர் வியன்னாவைச் சுற்றிப் போட்ட முற்றுகையை உடைத்தபோது அவருக்கு வயது 54, குதிரையேற ஆள் உதவி வேண்டிய உடம்பு. பெட்டியில் இருப்பதோ ஒட்டிய வயிற்றோடு ஓர் இளந்தாரி. முதுகில் இரண்டு சிறகு வேறு. சிறகு ஹுசார் எனப்பட்ட போலந்துக் குதிரை வீரர்களுக்கு உரியது. படை நடத்திய மன்னருக்கு அதை மாட்டியது, கங்காணி தலையில் கொழுந்துக்கூடையை மாட்டியதுபோல் இருக்கிறது.

சிறகுகளை எடுத்து வைத்துவிட்டு, முதுகிலுள்ள இரு துளைகளையும் எப்பாக்ஸி புட்டியால் அடையுங்கள். அதே புட்டியை இடுப்பைச் சுற்றி 3 மில்லிமீற்றர் தடிப்பில் அப்பி, இறுகுமுன் பட்டியின் கோட்டை ஊசியால் கீறிவிடுங்கள். அதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயின்ட் தோலாக உரியும்.

கூடவரும் துண்டுத்தாள் அவர் 1674இல் முடிசூடியதாகச் சொல்கிறது. தப்பு. 1673 நவம்பரில் ‘கொத்தின்’ என்ற கோட்டை நகரில் நடந்த போரில் ஒஸ்மானியப் படையை முறியடித்த புகழோடு, 1674 மே மாதம் பிரபுக்கள் அவரை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டை ஓயாததால் முடிசூட்டு விழா 1676 பெப்ரவரியில்தான் நடந்தது. வியன்னாவுக்குப் பிந்திய சரிவைப் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை. 1686 உடன்படிக்கையில் கியேவ் நகரை மொஸ்கோவுக்கு விட்டுக்கொடுத்ததும், 1696இல் அவர் இறந்தபின் மகனுக்கு அரியணை கிடைக்காததும் அவர் கதைதானே.

இனி நம் ஊர் ஈரம். சூப்பர் குளூ ஈரக்காற்றில் சட்டென்று இறுகும், சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சணம்போல் படியும். ஆகவே ஒரு துளியை ஊசிமுனையில் எடுத்துத் தொடுங்கள், அப்பாதீர்கள். மினுக்கமில்லாத வார்னிஷை மாலைப் பனிமூட்டத்தில் ஸ்ப்ரே பண்ணினால் கவசம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். காலை பத்து மணி வெயிலுக்குக் காத்திருங்கள், அல்லது தூரிகையால் பூசுங்கள். பூத்துப்போனால் மினுக்க வார்னிஷ் ஒரு கை மெல்லப் பூசினால் பெரும்பாலும் தெளியும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் 40 வாட்ஸ் பல்ப் எரியும் அட்டைப் பெட்டிக்குள், பல்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு மணிநேரம் வைப்பது நல்லது.

பெட்டியில் விடுபட்ட முக்கியமான பொருள் ஒன்றுண்டு: வைக்கோல். போலந்துக்காரரின் உடையும் துருக்கியரின் உடையும் ஒத்திருந்ததால், போலந்துப் படையினர் அடையாளத்துக்கு வைக்கோற் புரி கட்டிக்கொண்டார்கள். இரண்டு தும்பு நாரை முறுக்கி, மஞ்சள் தீட்டி, கையில் கட்டினால் போதும்.

பீடம் பாலைவன மணல்போலத் தட்டையாக வார்க்கப்பட்டிருக்கிறது. சோபியெஸ்கியின் குதிரைப்படை பாய்ந்து இறங்கியது காலன்பெர்க் மலைப்பக்கமிருந்து, திராட்சைத் தோட்டங்களும் பள்ளங்களும் நிறைந்த சரிவுகள் வழியாக. பீடத்தின் ஒரு பக்கம் பலகைத் துண்டு வைத்து 15 பாகை சாய்த்து, குறுக்கே சிறுகல் வரிசை ஒன்று ஒட்டுங்கள். திராட்சைக் கட்டைக்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு கச்சிதம். காய்ந்ததாக எடுங்கள், பச்சைக் குச்சி பீடத்திலேயே பூசணம் பிடிக்கும்.