மெல்லோட்டமா, விட்டுவிட்டு வேக ஓட்டமா?

1500 மீற்றருக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, இப்போது இரணைமடுக் குளக்கட்டில் விடியற்காலை மெல்லோட்டம்தான் என் வழக்கம்.

வேக ஓட்டத்தின் நன்மைகள் தெரிந்தவைதான். நேரம் மிச்சம், இதயம் வலுக்கும், தசையில் இழைமணிகள் (கலத்துக்குள் சக்தி ஆக்கும் நுண்ணுறுப்புகள்) பெருகும், சில வாரங்களிலேயே பலன் தெரியும்.

ஆனால் இதயம் அனுப்பும் ஒட்சிசன் தசைநாருக்குள் போய்ச் சேர வேண்டுமே. இரத்தத்தில் அதைச் சுமந்துவரும் ஈமோகுளோபினை விட்டுக் கழன்று, மயிர்த்துளைக் குழாய் என்ற மிக நுண்ணிய இரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி, தசைக்குள் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் புரதத்தின் துணையோடு அது இழைமணியை அடைகிறது. அங்கே ஒரு குளுக்கோசிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.ரீ.பி. (தசை செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) கிடைக்கும், ஒட்சிசன் இல்லாமல் உடைத்தால் 2 மட்டுமே. குளம் நிரம்பியிருந்தும் வாய்க்கால் இல்லாவிட்டால் கடைசி வயல் காயும். மயிர்த்துளைக் குழாய்கள்தான் அந்த வாய்க்கால். நீண்ட நேரம் நிதானமாக ஓடும்போது தசைக்குள் இரத்தம் விடாமல் பாய்வதால் அவை நன்றாகப் பெருகுகின்றன.

என்னை மெல்லோட்டத்தின் பக்கம் சாய்த்தது பயிற்சி நின்ற பிறகு எது மிஞ்சும் என்பதே. வன்னியில் மாரி பிறந்தால் கட்டுப்பாதை சேறாகிவிடும், வயல்வேலையும் கூடிவிடும், ஓட்டம் தடைப்படும். ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தவர்களை 84 நாள் நிறுத்தச்சொல்லி உடற்பயிற்சி உடலியலாளர் எட்வர்ட் கொயில் குழுவினர் 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உச்ச ஒட்சிசன் பயன்பாடு, அதாவது கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஒட்சிசன் அளவு, முதல் 21 நாளிலேயே சுமார் 7 வீதம் விழுந்தது. இழைமணி நொதியங்களும் குறைந்தன. மயிர்த்துளைக் குழாய்களின் அடர்த்தியோ குறையவேயில்லை. பொறுமையாக வெட்டிய வாய்க்கால் அடுத்த பருவம்வரை கிடக்கும். மழை விட்டதும் இழைமணிகளை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம்.

வெயிலையும் மறக்கக் கூடாது. பின்னேரம் மூன்று மணிக்கு மைதானத்தில் வேகமாக ஓடினால் உடலைக் குளிர்விக்கத் தோலும் இரத்தம் கேட்கும், தசைக்கான பங்கு நெருக்கடிக்குள்ளாகும். வேக ஓட்டம் கட்டாயமென்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

நூறு மீற்றர் ஓடுபவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களோடு எனக்குப் பழக்கமும் குறைவு. நடுத்தர, நெடுந்தூரக்காரருக்கு என் பரிந்துரை: பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகப் பேச முடிகிற வேகத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடுங்கள், வாரத்தில் ஒரு நாள் வேகம் பிடியுங்கள். போட்டிக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது அதை இரண்டு நாளாக்கலாம்.