டாட்டூ மேல் முடி நீக்கும் லேசர்: சரின்னு தலையாட்டிடாதீங்க

முன்கையில் கருப்பு டாட்டூ இருந்த ஒரு பெண்ணிடம், "மேல வெள்ளை பென்சில் தடவிட்டா ஒண்ணும் ஆகாது சிஸ்டர்" என்று சொல்லி, ஆறு சிட்டிங்குக்கான முழுப் பணத்தையும் பார்லரில் முதலிலேயே வாங்கிவிட்டார்கள். டையோடு லேசரை டாட்டூ மேலேயே ஓட்டியிருக்கிறார்கள். சுரீர் என்று எரிகிறது என்றதற்கு, "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று பதில். மறுநாள் டாட்டூ கோடுகள் மேல் மட்டும் வரிசையாக நீர்க்கொப்புளம். பக்கத்துத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஏன் கோட்டில் மட்டும் வெந்தது? இந்த லேசர் முடிவேரில் இருக்கும் மெலனின் என்ற கருநிறப் பொருளைச் சூடாக்கித்தான் வேலை செய்கிறது. பரவலாக உள்ள மூன்று வகைகளின் ஒளி அலைநீளம் இது: அலெக்சாண்ட்ரைட் 755, டையோடு 810 வாக்கில், என்டி-யாக் 1064 நானோமீட்டர். டாட்டூவின் கருப்பு மையில் இருக்கும் கரி இந்த மூன்றையுமே உறிஞ்சும். அதனால் "கருப்புத் தோலுக்கு 1064 பாதுகாப்பு" என்ற பேச்சு தோலுக்குச் சரி, மைக்குச் செல்லாது.

"டாட்டூ அழிக்கறதும் லேசர்தானே" என்பார்கள். அந்த லேசரின் ஒரு துடிப்பு நீடிப்பதே நானோ விநாடி அல்லது அதற்கும் குறைவு, மை சட்டென்று உடைந்துவிடும். முடி நீக்கும் துடிப்போ மில்லி விநாடிக் கணக்கு. மை உடையாது, சூடு ஏறி சுற்றியுள்ள தோலுக்குப் பரவும். லேசர் கைப்பிடி நுனியின் குளிர்ச்சி மேல்தோலைத்தான் காக்கும். மை இருப்பது அதற்கும் கீழே. குறைந்த சக்தியில் தேய்த்துத் தேய்த்து ஓட்டும் எஸ்.எச்.ஆர். முறையிலும் ஒரே இடத்தில் சூடு சேர்ந்துகொண்டே போகும். வெள்ளை பென்சில் பூச்சு இதில் எதையும் தடுக்காது.

புருவத்தில் மைக்ரோபிளேடிங் (மெல்லக் கீறி நிறம் ஏற்றுவது), உதட்டில் கலர் செய்தவர்கள் பலர் அதை டாட்டூவாகவே நினைப்பதில்லை. மேலுதட்டுக்கோ நெற்றிக்கோ லேசர் போகும்போது கட்டாயம் சொல்லுங்கள். அந்தச் சாயங்களில் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு இருக்கும், லேசர் பட்டால் கருத்துப்போகலாம். பாட்டிமார் கையில் குத்திய பச்சைக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரியான முறை இது: டாட்டூவைச் சுற்றி 2 செ.மீ. விட்டுக் கோடு போட வேண்டும். கைப்பிடி நுனியே 1 செ.மீ.க்கு மேல் அகலம், கொஞ்சம் வழுக்கினாலும் மை மேல் ஏறிவிடும். அதனால் கோட்டுக்கு உள்ளே கெட்டியான வெள்ளைத் துணி வைத்து மூட வேண்டும். இந்த மூடல் கைதவறலுக்கு மட்டும்தான். துணிக்கு மேலேயே சுடலாம் என்பவரிடம் போகாதீர்கள். டாட்டூ மேல் இருக்கும் முடியை ரேசரில் வழித்தாலே போதும்.

ஏற்கனவே சுட்டுவிட்டதா? குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் அன்றைக்கே தோல் மருத்துவரைப் பாருங்கள். தினமும் படம் எடுத்து வையுங்கள். எந்த மெஷின், எவ்வளவு ஜூல் (லேசர் சக்தியின் அளவு), துடிப்பு எவ்வளவு நேரம் என்று பார்லரில் எழுதி வாங்குங்கள். பில், விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டதாலேயே அவர்களுடைய அலட்சியம் சரியாகிவிடாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.